தம்பி வீட்டில் இரண்டு நாள்

நியூயோர்க் போவதற்கு நான் போட்ட திட்டம் முழுவதும் ஒரு கொப்பியில் இருந்தது. மகள் பாதியில் கைவிட்ட பள்ளிக்கூடக் கொப்பி அது. முன்பக்கம் அவளுடைய பிரெஞ்சுச் சொல்லெழுத்து, பின்பக்கம் என்னுடைய பட்டியல்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே நின்று சாப்பிடுவது, தம்பிக்கு என்னென்ன கொண்டுபோவது என்று சனி, ஞாயிறு, திங்கள் எனப் பிரித்து எழுதியிருந்தேன். என் கணவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கலியாணவீட்டுக்கும் ஆக்கள் இவ்வளவு எழுத மாட்டினம்" என்று பகிடி பண்ணினார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். நான் என் தம்பியைப் பார்த்துப் பத்து வருடமாகியிருந்தது.

என்னோடு வேலை செய்த ஒருத்தி, மொன்றியலுக்கு வெளியே கர்க்லாண்டில் வீடு வாங்கிக் குடியேறியவள், இதைக் கேட்டு வியந்தாள். "நியூயோர்க் கிட்டத்தானே. நாங்கள் கிறிஸ்மஸ் லைற் பாக்கவே போட்டு வந்தனாங்கள்" என்றாள். கிட்டத்தான். காரில் ஏறினால் ஆறேழு மணித்தியாலம். ஆனால் நானும் தம்பியும் தொண்ணூற்று நாலில் கொழும்பிலிருந்து வெவ்வேறு ஏஜென்சிக்காரரால் அனுப்பப்பட்டவர்கள். நான் மொன்றியல் வந்து சேர்ந்தேன். கனடா வரவேண்டிய அவன் நியூயோர்க் விமான நிலையத்தில் பிடிபட்டு, அங்கேயே அகதி மனுப் போட்டான். அவனுடைய வழக்கு இழுத்துக்கொண்டே போனது. வேலை செய்யலாம், நாட்டை விட்டு வெளியே போகமுடியாது. எனக்கோ கனடியக் குடியுரிமை கிடைக்கும்வரை அமெரிக்கா போக விசா வேண்டும். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் இல்லையென்றார்கள். இங்கே பனி கொட்டி மறுநாள் அங்கே கொட்டும். அதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விட்டன.

அவனைக் கடைசியாகப் பார்த்தது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில். அறையில் அம்மாவும் நானும், வேறு இரண்டு பெண்களும். ஆண்பிள்ளை என்பதால் அவனுக்கு வெளியே நடைபாதையில் ஒரு பாய். கழிவறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிப் படுப்பான். நான் புறப்பட்ட காலையில் வாகனம் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டது. "எழுப்பாதை, அழுவான்" என்று அம்மா சொன்னா. அவன் அழுதிருக்க மாட்டான், பத்தொன்பது வயசு. நான் அவனைத் தாண்டிக் காலை எடுத்துவைத்து, படியிறங்கி, வாகனத்தில் ஏறிவிட்டேன்.

அதனால் நியூயோர்க்கில் நான் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அவன் படுக்கிற இடம். சுவரோடு ஒட்டாமல், காலை நீட்டிப் படுக்கக்கூடிய ஒரு கட்டிலும் அதற்கு ஒரு கதவும் அவனுக்கு இருப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும். சுதந்திரதேவி சிலையைப் பட்டியலில் எழுதியது மகளுக்காக.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கதைப்போம். ஆரம்பத்தில் அவன் உண்மையைச் சொன்னான். ஒரு பேஸ்மென்ற் அறையில் ஆறு பேர், மூன்று மெத்தை, வேலைக்குப் போகிறவன் எழும்ப வேலையால் வந்தவன் படுப்பான் என்றான். எனக்குத் தாங்கவில்லை. நான் தாங்காவிட்டால் அழுவதில்லை, ஏசுவேன். "இன்னும் அந்தப் பொடியளோடையோ கிடக்கிறாய்? இத்தனை வருசமா உழைச்சு ஒரு வீடு எடுக்கத் தெரியாதோ உனக்கு?" என்று ஞாயிறு தவறாமல் கேட்டேன். உடம்பைக் கேட்கமுன் வீட்டைக் கேட்டேன். ஒருநாள் அவன், "அக்கா, வீடொண்டு எடுத்திட்டன். தனியத்தான். ரெண்டு அறை" என்றான். அன்றைக்கு நான் சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இனிமையாகப் போயின. சமையலறையில் வெயில் வருமா, பக்கத்து வீட்டில் யார் என்றெல்லாம் கேட்பேன். அவனும் சொல்வான்.

குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்து, கடவுச்சீட்டும் கைக்கு வந்த அந்த வசந்தத்தில் கொப்பியைத் திறந்தேன். முதல் சண்டை எனக்கும் கணவருக்கும்தான். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"இஞ்சேரும், ஒரு ஹோட்டல் எடுப்பம். அவனும் வேலைக்குப் போறவன், ஏன் அவனுக்குக் கரைச்சல்?"

"தம்பி இருக்கிற ஊரிலை நான் ஹோட்டலிலையோ நிக்கிறது? ஆரும் கேட்டால் அவனுக்கல்லோ மரியாதை இல்லை!"

"ஆர் கேக்கப் போகினம்?"

"நான் கேப்பன்" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. எங்கள் ஆட்களில் கூடப்பிறந்தவன் வீடு இருக்க வெளியில் தங்கினால் அது அவனைத் தெருவில் வைத்து அடிப்பதற்குச் சமம். அதுவரை நான் எடுத்த முடிவுகளில் இதைப்போலச் சரியானது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

தம்பியிடம் சொன்னேன். தொலைபேசி அட்டை முடிந்துவிட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன். "நிக்கிறன் அக்கா. வாங்கோ. கட்டாயம் இஞ்சைதான் நிக்கோணும்" என்றான். ஆனால் திகதி சரிவரவில்லை. மே மாதத்தில் எங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறையோடு ஒரு நீண்ட வாரவிடுமுறை வரும். அதில் வருகிறோம் என்றால், வேண்டாம் என்றான். யூன்? யூனும் சரிவராது. எங்கள் விடுமுறைக்கு அடுத்த கிழமை, அமெரிக்காவுக்கு விடுமுறை வருகிற அந்தச் சனி ஞாயிறு மட்டும் வாங்கோ என்றான்.

"எனக்கு அந்தத் திங்கள் வேலையடா."

"லீவு கேளுங்கோ அக்கா. அந்த ரெண்டு நாள்தான் எனக்கு வசதி."

பத்து வருடம் பார்க்காத அக்காவுக்கு இரண்டு நாளைத் தேர்ந்து தருகிறான், பெரிய மந்திரி என்று எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை மேற்பார்வையாளரிடம் காட்டி லீவு வாங்கிவிட்டேன். முகவரி கேட்டபோது தெருவைச் சொன்னான், கட்டடத்தைச் சொன்னான். வீட்டு இலக்கம் என்னவென்று கேட்டதற்கு, "பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றான். அதுவரை நான் போட்ட கடிதங்கள் எல்லாம் அவன் வேலை செய்த பெற்றோல் ஷெட் விலாசத்துக்குத்தான் போயிருந்தன. சொந்த வீட்டு இலக்கத்தை மறக்கிற பிள்ளை, தனியே இருந்து மறதி கூடிவிட்டது, ஒரு கலியாணத்தைச் செய்துவைக்கவேண்டும் என்று கொப்பியில் எழுதினேன்.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது இன்னொன்று சொன்னான்.

"அக்கா, மச்சம் ஒண்டும் கொண்டு வராதேங்கோ. வீட்டுக்குள்ளை இப்ப சைவம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன்பொரியல் இல்லையென்றால் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்புகிறவன். வெள்ளிக்கிழமையில் அம்மா சைவம் சமைத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன். "எப்பயிருந்தடா சாமியாரானாய்?" என்றேன். "சும்மா, ஒரு நேர்த்தி" என்றான். நேர்த்தி என்றால் கேள்வி கேட்க முடியாது. ஆனாலும் என் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வரும்போது பாரைமீன் வாங்கி வந்து, தூளும் உப்பும் பிரட்டி, முறுகப் பொரித்து, அலுமினியத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றினேன். நேர்த்தி அவனுக்கும் முருகனுக்கும் இடையில். மீன் எனக்கும் அவனுக்கும் இடையில்.

கணவர் நூலகத்துக் கணினியில் பாதையை அச்செடுத்து வந்தார், பதினொரு பக்கம். அதோடு எனக்கு எல்லைப் பரீட்சையும் வைத்தார். கதிரையை மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்பார். எங்கே போகிறீர்கள்? எத்தனை நாள்? எங்கே தங்குகிறீர்கள்? கடைசிக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன். "அட் மை பிரதர்ஸ் ஹவுஸ்" என்பேன். "மெதுவாச் சொல்லும், மேல்வீட்டுக்காரருக்கும் கேக்குது" என்பார். அந்த வசனத்தைப் பாத்திரம் கழுவும்போதும் சொன்னேன், மெற்றோவில் நின்றுகொண்டும் வாய்க்குள் சொன்னேன்.

சனிக்கிழமை வெள்ளாப்பில் புறப்பட்டோம். பாலத்தைத் தாண்டி, சோளம் இன்னும் முளைக்காத வயல்களைத் தாண்டி எல்லைக்குப் போனபோது சூரியன் நன்றாக ஏறியிருந்தது. அதிகாரி கணவரிடம் கேட்டதற்கு நான் குனிந்து எட்டிப் பதில் சொன்னேன். பத்து வருடம் மனதுக்குள் வைத்திருந்ததைச் சத்தமாகச் சொன்னேன். என் தம்பி வீட்டில். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். மலைகளுக்கு நடுவே கார் போக, மகள் பின்னாலிருந்து இன்னும் எவ்வளவு தூரம் என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அதே கேள்விதான்.

தம்பி தெருமுனையில் நின்றான். முன்தலை வழுக்கை. கொஞ்சம் வயிறு. நான் காரைவிட்டு இறங்கி அவனுடைய தோளில் ஒரு அடி போட்டேன், பிறகு கட்டிப்பிடித்தேன். "மெலிஞ்சு போனியள் அக்கா" என்றான். நான் ஒரு காலமும் மெலிந்தவள் இல்லை. அவனுக்கும் அது தெரியும். இருவரும் அழுதோம்.

கட்டடத்தின் மூன்றாம் மாடி. கதவுக்கு முன்னால் நின்று திறப்புக்கோர்வையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். மூன்றாவதுதான் திறந்தது. நல்ல வீடு. இரண்டு அறை, சமையலறைக்கு வெயில் வந்தது, அவன் சொன்ன மாதிரியே. சாமித்தட்டில் விபூதிக் கிண்ணமும் புதுத் திரியும் இருந்தன. நான் பையிலிருந்து மீனை எடுத்த உடனே மணம் எழும்பிவிட்டது. அவன் பதறிப்போய் என் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினான்.

"அக்கா, இதுக்குள்ளை வேண்டாம். வெளியிலை போவம்."

கட்டடத்துக்குப் பின்னால் இரும்புப் படிகள் இருந்தன. அதில் உட்கார்ந்து, சோறும் இல்லாமல், ஆறு துண்டையும் அவனே தின்றான். முள்ளை ஒவ்வொன்றாகச் சூப்பி அலுமினியத் தாளின் ஓரத்தில் அடுக்கினான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நேர்த்தி வைத்தவன் படியில் இருந்தால் மட்டும் மீன் தின்னலாமா என்று ஒரு கேள்வியும் வந்தது. கேட்டேன்.

"நேர்த்தி வீட்டுக்குத்தான் அக்கா" என்றான், தாளைச் சுருட்டிக்கொண்டு. விரலைக்கூட வெளிக்குழாயில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

நாலு மணிக்கு, "இருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்" என்று சமையலறைக்குள் போனான். நான் வாசலில் நின்றேன். சீனிக்காக ஒரு அலுமாரிக் கதவைத் திறந்தான், கோப்பைகள். இன்னொன்றைத் திறந்தான், பருப்பு. மூன்றாவதில் மருந்துக் குளிசைகளும் ஒரு குழந்தையின் போத்தலும் இருந்தன. அதைச் சட்டென்று மூடினான். "இப்பத்தான் எல்லாத்தையும் மாத்தி வச்சனான்" என்றான், திரும்பிப் பார்க்காமல். ஹோல் சுவரில் நாலு ஆணிகள் வெறுமையாக இருந்ததையும், ஒவ்வொன்றுக்குக் கீழும் சுவர் சதுரமாக வெளுத்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். பிரிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய ஒரு கலியாணக் காட். ரொறன்ரோவில் கலியாணம். திகதி மறுநாள் ஞாயிறு. மேலே பேனாவால் எழுதியிருந்த குடும்பத்தின் பெயர் எங்களுடையது அல்ல.

அந்த வாரவிடுமுறை ஏன் என்று விளங்கியது. வீட்டு இலக்கத்தைப் பார்த்துச் சொன்னது ஏன் என்று விளங்கியது. யாரோ ஒரு சைவக் குடும்பம் கலியாணத்துக்குப் போகிற இரண்டு நாளுக்கு, அக்கா வருகிறாள் என்று என் தம்பி அவர்களிடம் திறப்பு வாங்கியிருக்கிறான். படங்களைக் கழற்றி எங்கேயோ ஒளித்திருக்கிறான். அவர்கள் மச்சம் மட்டும் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

என் வாய் சும்மா இருக்கிற வாய் அல்ல. அம்மா முதல் மேற்பார்வையாளர் வரை எல்லோரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அது திறக்கவில்லை. வீடு, வீடு என்று அவனை அரித்தது நான். ஹோட்டல் வேண்டாம் என்று குதித்தது நான். அன்றைக்குக் கணவர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் அவன் யாரிடமும் போய்த் தலை சொறிந்துகொண்டு நின்றிருக்க மாட்டான். உள்ளே போய், அடுப்புக்கு மேலே இருந்த அலுமாரியைத் திறந்தேன். எந்தத் தமிழ்ப் பெண்ணும் சீனியை எறும்புக்கும் பிள்ளைக்கும் எட்டாத இடத்தில்தான் வைப்பாள். அங்கே இருந்தது. "உனக்கு இன்னும் கண் தெரியாது" என்று சொல்லி அவன் கையில் கொடுத்தேன்.

மறுநாள் எல்லோருக்கும் முதல் எழும்பினேன். பெரிய அறையை எங்களுக்குத் தந்திருந்தான், சின்ன அறையைத் தனக்கு என்று சொல்லியிருந்தான். சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்புக் கசங்காமல் கிடந்தது. அவன் ஹோலில், வெறும் நிலத்தில், சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தான். சப்பாத்து தலைமாட்டில். முழங்கால் நெஞ்சுவரை மடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய ஹோலில் அவனைத் தாண்டிப் போக ஒருவரும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சத்தத்தில் கண்ணைத் திறந்தான்.

"என்ன அக்கா, வெளிக்கிடுற நேரமோ?"

"இல்லையடா. நாளைக்குத்தான். நீ படு" என்றேன். அவன் திரும்பவும் நித்திரையானான். எழும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. கால் விறைக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

அன்றைக்குச் சிலையைப் பார்த்தோம், கப்பலில் போனோம், ஒரு நீளமான பாலத்தில் நடந்தோம். கொப்பியில் எழுதிய எல்லாவற்றையும் செய்தோம். எனக்கு நினைவில் இருப்பது அவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்ததும், அவனுடைய சப்பாத்தின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததும்தான். ஒவ்வொரு சுரங்க ரயில் நிலையத்திலும், இதில் இறங்கினால் அவன் உண்மையில் படுக்கிற இடம் வருமோ என்று பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "உன்ர அறையைக் காட்டடா" என்றால் காட்டியிருப்பான். ஆனால் அவன் எனக்காக ஒரு வீட்டையே தேடிக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதற்குள் இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கள் காலை வீட்டைக் கூட்டித் துடைத்தேன். பாத்திரங்களை எடுத்த எடுத்த இடத்தில் வைத்தேன். விரிப்புகளைத் தோய்த்துக் காயவைத்து மடித்தேன். தம்பிக்கென்று கொண்டுவந்த மேப்பிள் சீனிப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தேன்.

"இது இஞ்சையே இருக்கட்டும். குழந்தையளோடை ஆரும் வந்தால் குடு" என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "குடுக்கிறன் அக்கா" என்றான். காரடியில் நின்றபோது, "உன்ர வீடு நல்லாயிருக்கு" என்றேன். அவன் குனிந்து காரின் கதவைச் சாத்தினான்.

எல்லை கிட்டியது. கணவர் மெதுவாக, "குளியலறை லைற் சுவிச்சை அவன் ரெண்டு நாளும் தடவித் தடவித்தான் கண்டுபிடிச்சவன்" என்றார். "தெரியும், பேசாமல் ஓட்டுங்கோ" என்றேன். அவர் ஒரு கையை எடுத்து என் மடியில் வைத்தார்.

கனடிய அதிகாரி இளம் பெண். போன்ஜூர் என்று சொல்லிக் கடவுச்சீட்டுகளை வாங்கினாள். எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். இரண்டு நாள் என்றார் கணவர். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லைப் போல, தலையைக் குனிந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

"என் தம்பி வீட்டில்" என்று சத்தமாகச் சொன்னேன்.